தரையில் விழுந்த ஒளிவட்டம்

தேவமாதா தம் மடியில் பாலகனாகிய யேசுவை ஏந்தியிருக்கும் கோலத்தைப் போல ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் தலைமுறைதோறும் பக்தியோடு எழுதிய காட்சிகள் மிகச் சிலவே. அம்மரபுக்குரிய சிவப்பு அங்கியையும் நீல மேலாடையையும், அன்னையின் சிரசைச் சூழ்ந்த ஒளிவட்டத்தையும் அப்படியே கைக்கொண்டு, அவற்றின் நடுவே எளிதில் எவரும் எழுதத் துணியாத ஒரு செய்கையை 1926ஆம் ஆண்டில் எழுதிக் காட்டினார் ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். 196 சென்டிமீட்டர் உயரமுள்ள அத்தைலவர்ணச் சித்திரத்தில், மடியில் குப்புறக் கிடக்கும் குழந்தையின் பின்புறம் சிவக்கும்படி அன்னை கையை ஓங்கி அடிக்கிறாள். குழந்தையின் ஒளிவட்டமோ கழன்று தரையில் கிடக்கிறது.

கொலோன் நகரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது தேவநிந்தனை என்று கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும், நிந்தனை ஒன்றே ஓவியரின் நோக்கமெனக் கொள்வோர் அவ்வொளிவட்டத்தைக் குனிந்து பாராதவரே ஆவர். அதன் வளையத்தினுள்ளேதான் எர்ன்ஸ்ட் தம் கையொப்பத்தை இட்டிருக்கிறார். அவர் கொலோனுக்கு அணித்தான புரூலில் 1891இல் பிறந்தவர். அவருடைய தந்தை பிலிப், செவிப்புலனற்ற சிறார்க்குப் போதித்த ஆசிரியர். ஆழ்ந்த கத்தோலிக்க பக்தர். ஓய்வுப் பொழுதில் சித்திரமும் எழுதியவர். சிறு பாலகனாயிருந்த தம் மகனையே குழந்தை யேசுவாக அவர் ஒரு படத்தில் தீட்டினார். தந்தை அன்போடு சூட்டிய அந்தத் தெய்வீகக் கோலத்தைச் சுமந்து வளர்ந்த பிள்ளை, வயது 35 ஆன காலத்தில் அதனைத் தன் கையாலேயே இறக்கி வைத்து, அதனுள் தன் பெயரைப் பொறிக்கிறான் என்றே நான் இப்படத்துக்குப் பொருள் கொள்கிறேன்.

பின்சுவரின் சாளரத்தில், பதைப்பும் பரிவும் இன்றி மூவர் நிற்கின்றனர்: சர்ரியலிச இயக்கத்தின் பிரகடனத்தை 1924இல் வெளியிட்ட ஆந்த்ரே பிரெத்தோன், கவிஞர் போல் எலுவார், ஓவியர் தாமே. படத்தின் நீண்ட தலைப்பு இவர்களைச் சாட்சிகள் என்கிறது. குழந்தையைப் பணிய வந்த மூன்று ராஜாக்களின் ஸ்தானத்திலேயே இம்மூவரும் நிறுத்தப்பட்டனர் என்பது என் துணிபு. அந்த ராஜாக்களுடையவை என்று போற்றப்படும் எலும்புகள் கொலோன் பேராலயத்தில் பொற்பேழையில் வைத்து வணங்கப்படுவதை அறிந்து வளர்ந்தவருக்கு அந்நினைவு எழாதிருந்திருக்குமா?

அச்சித்திரம் இன்று அதே கொலோன் நகரின் லுட்விக் அருங்காட்சியகத்தில், அப்பேராலயத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது.