நிலக்கரி இன்னும் எத்தனை காலம்? எல்லவிலிருந்து ஒரு கணக்கு

2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எல்லவுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் அப்போது விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். குப்பி விளக்கில் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், நிலக்கரி முடிஞ்சிருச்சா? இன்னும் எத்தன வருசத்துக்கு வரும்?”

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் உலகக் கணக்கு. 2020ஆம் ஆண்டு முடிவில் தோண்டி எடுக்கத்தக்கதாக உறுதிசெய்யப்பட்ட நிலக்கரி ஏறத்தாழ 1,07,000 கோடி தொன். அந்த ஆண்டின் உற்பத்தியால் வகுத்தால் 139 ஆண்டுகள் வரும். இன்று உலகம் ஆண்டுக்கு 900 கோடி தொன் அளவில் தோண்டுகிறது. அப்படிப் பார்த்தால் 120 ஆண்டுகள். எரிப்பது கூடினால் இந்த எண் இறங்கும், குறைந்தால் ஏறும்.

ஆனால் நிலக்கரியின் காலம் மண்ணுக்குள் உள்ள இருப்பைக் கொண்டு மட்டும் முடிவாவதில்லை. பிரித்தானியாவில் நிலக்கரி தீர்ந்துவிடுமோ என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே ஒரு நூல் எழுதினார். அங்கே உற்பத்தி 1913இல் உச்சத்தைத் தொட்டது. கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டெம்பர் 30 அன்று மூடப்பட்டது. மண்ணுக்குள் நிலக்கரி இன்னும் கிடக்கிறது. எரிவாயுவும் காற்றாலையும் மலிவாகின, புகைக்கு வரி வந்தது, அதனால்தான் கைவிட்டார்கள்.

எங்கள் மலையிலும் இது நடந்திருக்கிறது. பதுளை வரையான ரயில் பாதை 1924இல் திறக்கப்பட்டது. ஒன்பது வளைவுப் பாலத்திலும் தெமோதர வளையத்திலும் ஓடிய கரிக்கோச்சியைப் பற்றித் தாத்தா கதை கதையாகச் சொல்வார். 1950களில் டீசல் இயந்திரங்கள் வந்தன. கரிக்கோச்சி மெல்ல மெல்ல நின்றுபோனது. உலகில் நிலக்கரி முடிந்ததால் அது நிற்கவில்லை.

அடுத்தது இலங்கைக் கணக்கு. நம் நாட்டில் எடுக்கத்தக்க நிலக்கரி இல்லை. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் அனல்மின் நிலையம் மூன்று இயந்திரங்களில் 900 மெகாவாட் தரக்கூடியது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அதற்கு ஆண்டுக்குச் சுமார் 22 இலட்சம் தொன் வேண்டும். சுமார் 60,000 தொன் ஏற்றிவரும் ஒரு கப்பல், மூன்று இயந்திரமும் முழுமையாக ஓடினால் ஒரு வாரத்துக்கு, மிஞ்சினால் எட்டு நாளைக்குத்தான் காணும். கப்பல் கரைக்குச் சற்றுத் தொலைவில் நிற்க, சிறிய கலங்களில் மாற்றி இறக்குகிறார்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் அது முடியாது. அந்த மாதங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே இறக்கிக் குவிக்க வேண்டும், அதற்கு டொலர் வேண்டும். 2022இல் உலகில் எண்ணெய் தீர்ந்துபோகவில்லை. வாங்க நம்மிடம் டொலர் இருக்கவில்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைந்திருந்தது. நிலக்கரிக்கும் அதே விதிதான்.

மூன்றாவது கணக்கை எண்ணால் மட்டும் எழுத முடியாது. 2006இல் போரால் துரத்தப்பட்ட சம்பூர் மக்களின் மண்ணில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் கிடந்தார்கள். திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. புதிய நிலக்கரி மின் நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் இலங்கை உலக அரங்கில் உறுதியளித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மாற்று வழி என்பதால் எல்லாமே நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. எல்ல–வெல்லவாய வீதிப் பக்கம் மலைக்குள்ளே அமைந்த உமா ஓயா நீர்மின் நிலையமும் 120 மெகாவாட்தான். 2024 ஏப்ரலில் திறந்தார்கள். அதற்காகச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் உள்ளே கசிந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. நிலக்கரி இல்லாத மின்சாரத்துக்கும் யாரோ விலை கொடுத்தார்கள்.

அந்த மாணவி இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: “மண்ணுக்குள்ள நூறு வருசத்துக்கு மேல இருக்கு மகள். நுரைச்சோலையில அடுத்த கப்பல் வரும் வரைக்கும்தான் இருக்கு. அது முடிய முன்னமே நாம வேற வழிக்கு மாறத்தான் வேணும். எந்த வழியா இருந்தாலும், அந்த ஊர்ச் சனத்துக்கிட்ட முதல்ல கேட்டாங்களான்னு நீ கேளு.”