பழவேற்காடு: கரையில் கழிந்த காலங்கள்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடப்புக்கு வந்தது. அன்று நள்ளிரவு கடந்ததும் நாடு முழுக்க ஊரடங்கு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிப் போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. அங்கே ஏரிப் படகும் கடல் படகும் ஒரே நேரத்தில் கரையேறின. வீட்டுக்குள் அடைபட்ட பொழுதை எப்படித் தள்ளுவது என்று நகரத்துக்காரர்கள் தவித்த வாரங்கள் அவை. ஏரிக்கரைக் குப்பங்களில் அந்தத் தவிப்பு குறைவு. தொழிலுக்குப் போகாமல் கரையில் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதற்கென்று முறையும் கட்டுப்பாடும் கைவேலையும் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஊர் அது. அத்தனை பழக்கம் இருந்தும் 2020 அவர்களை ஏன் அப்படி வாட்டியது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பழைய ஏற்பாடுகளை முதலில் பார்க்க வேண்டும்.

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டு வருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு படுத்திருக்கிறது. ஆழம் அதிகமில்லை, பல இடங்களில் இறங்கி நடந்தே போகலாம். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் நீரோடு இறால் குஞ்சும் மடவையும் கொடுவாவும் உள்ளே வரும். மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஏரியும் வற்றும், அடுப்பும் அணையும்.

இப்படிப்பட்ட ஆழமில்லாத நீரில் இறால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பாதைகளில்தான் கொழுத்த பிடிப்பு. அந்த இடங்களுக்கு எல்லோரும் ஒரே நாளில் வலையோடு போனால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதைத் தவிர்க்கப் பிறந்தது ‘பாடு’ முறை. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் அது வேரூன்றியது. தலைக்கட்டு வரி கட்டும் குடும்பங்களின் ஆண்கள் குழுக்களாகப் பிரிவார்கள். ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்தக் குழு எந்த நாளில் வலை கட்டுவது என்று தீர்மானிப்பார்கள். நேற்று நல்ல இடம் கிடைத்தவர் இன்று சுமாரான இடத்துக்குப் போவார். அடுத்த முறை வரும்வரை காத்திருப்பார். ஊர்களுக்கிடையிலும் அதே சுற்று. தன் முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் வலை கட்டினால் பஞ்சாயத்தார் அபராதம் போடுவார்கள்.

மீன்பிடி உரிமையைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இந்த ஏற்பாட்டை வளத்தைப் பங்கிடும் வழியாகப் பார்க்கிறார்கள். சரிதான். ஆனால் அதே சீட்டு இன்னொன்றையும் பங்கிட்டது: பிடிப்பில்லாத நாளை. இன்று நீ காத்திரு, நாளை நான் காத்திருக்கிறேன் என்ற உறுதி அதில் இருந்தது. காத்திருப்பவருக்கு அவமானம் இல்லை, பயம் இல்லை. முறை திரும்ப வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாளில் வலையைத் திண்ணையில் விரித்துக் கிழிசலைப் பின்னுவார்கள், மிதப்பையும் ஈயத்தையும் சரிபார்ப்பார்கள், படகின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். தாயக்கட்டம் போடவும் நேரம் இருக்கும்.

இதே மாதிரி ஏற்பாடு இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கேரளத்தில் கொச்சிக் காயலிலும் உண்டு. நீர்கொழும்பிலும் இறாலுக்காகக் கட்டும் வலைக்குச் சீட்டுப் போட்டுத்தான் இடம் தருகிறார்கள். பெயரும் அங்கே பாடுதான். எவரும் வந்து கற்றுக்கொடுக்காமல் கடலோரத் தொழிலாளிகள் தாங்களே வகுத்துக்கொண்ட சட்டம் இத்தனை கரைகளில் நிலைத்திருப்பது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

பெருமையோடு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பாட்டில் பங்கு என்பது குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குச் சீட்டு இல்லை. பட்டியல் சாதி மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் இல்லை. ஏரியை ஆய்வு செய்த சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், பாட்டுக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் நெருக்கடியை எவ்வளவு வேறுவிதமாக எதிர்கொள்கிறார்கள் என்பதைக் காட்டியிருக்கிறார். படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் எடுக்கும் பெண்கள் இந்தக் கரையில் உண்டு. பிடித்ததைப் போட ஒரு சிறு கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முறை நாள் என்பது கிடையாது. போனால் சோறு, போகாவிட்டால் கடன்.

கரையில் இருக்கச் சொல்லும் வேறு அதிகாரங்களும் பின்னால் வந்து சேர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்து 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் புறப்பட்டது. அன்றிலிருந்து ஏவும் நாள்களில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். புயல் எச்சரிக்கை இன்னொன்று. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் வேறொன்று. ஏரிப் படகுகளை அது நேராகத் தொடாவிட்டாலும், மீன் வியாபாரமும் விலையும் அதன் தாளத்துக்கு ஆடும்.

இத்தனைக்கும் வெகு முன்பே, வீட்டுக்குள் இருந்துகொண்டு உலகத்துக்கே சரக்கு அனுப்பிய ஊர் பழவேற்காடு. 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். அவர்கள் தேடி வந்தது மீனை அல்ல, துணியை. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கச் சோழமண்டலத் துணிதான் காசாகப் புழங்கியது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய கட்டம் போட்ட துணிகள் இந்தக் கரையின் நெசவாளர் வீடுகளில், குழித்தறிகளில் நெய்யப்பட்டவை. மலாய் நாட்டில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலி இன்றும் இந்த ஊரின் பெயரில்தான் வழங்குகிறது.

வீட்டுத் தறி வீட்டைக் காப்பாற்றியதா என்றால், எப்போதும் இல்லை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு நெசவாளர் கட்டுப்பட்டிருந்தார். அந்த வியாபாரி கம்பெனிக்குக் கட்டுப்பட்டிருந்தார். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் தாக்கியபோது, பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட மக்களை அடிமைகளாக வாங்கி பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பல் ஏற்றிய துறைகளில் பழவேற்காடும் ஒன்று. எலும்புக்கூடு செதுக்கிய வாசல் கொண்ட டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1825இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. வாணிகம் முன்பே சென்னைக்கு நகர்ந்திருந்தது. தறிகளும் காலப்போக்கில் ஓய்ந்தன.

ஓயாமல் நின்றது ஓலை. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, நரம்பு நீக்கிக் கீறி, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்து, பெட்டியும் கூடையும் விசிறியும் கிலுகிலுப்பையும் முடைகிறார்கள். வெளியே வேலைக்குப் போகாத பெண்கள், சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் செய்த வேலை இது. சிறுமிகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச ஓலையில் விரலைப் பழக்கிக்கொள்வார்கள். மீன் இல்லாத நாள்களில் வீட்டுக்கு வந்த காசில் ஓலைக்கும் பங்கு இருந்தது. பொழுதுபோக்குக் கைவினை என்று கண்காட்சிகளில் இதை அறிமுகப்படுத்துவதைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். விரல் நுனி தேய்ந்து, முதுகு வலிக்க உட்கார்ந்து செய்கிற பிழைப்பு இது.

நோய்க்காக வீட்டுக்குள் இருப்பதும் இங்கே புதிதாக வந்ததில்லை. பெரியம்மை திரிந்த நாள்களில் தமிழ்நாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் இருந்த கட்டுப்பாடு மீனவக் குப்பங்களிலும் இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். வெளியாள் உள்ளே வரமாட்டார். அந்த வீட்டார் பிறர் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டார்கள். தாளிப்பு கிடையாது, கவிச்சி கிடையாது. மீனைத் தவிர வேறு குழம்பு அரிதான வீட்டில் அது எவ்வளவு பெரிய விரதம்! இளநீரும் கூழும் மோரும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகே வீடு ஊரோடு சேரும். கிருமியைப் பற்றி அறியாத காலத்திலும் தொற்றைப் பற்றி ஊர் அறிந்திருந்தது. தனித்திருக்கும் வீட்டுக்குக் கஞ்சி போய்ச் சேர வேண்டும் என்பதையும் அறிந்திருந்தது. என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய அறிவு.

பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. அதைச் சென்னை மாகாணத்துக்காகத் தயாரித்த நிலையம் கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் இன்ஸ்டிடியூட். 2020இல் தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனை தொடங்கியதும் அங்கேதான்.

2020 மார்ச்சுக்கு இப்போது வரலாம். தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7 அன்று உறுதியானது. 22ஆம் தேதியோடு பன்னாட்டு விமானங்கள் நின்றன. உயிரோடு கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் சேற்று நண்டின் வியாபாரம் அதோடு படுத்தது. ஊரடங்கு வந்ததும் ஐஸ் வண்டி இல்லை, மொத்த வியாபாரி இல்லை, ஏலம் இல்லை, கூடையோடு பெண்கள் ஏறிப்போகும் பேருந்தும் இல்லை. ஏப்ரல் 10 அன்று மீன்பிடித் தொழிலுக்கு மத்திய அரசு விலக்கு அளித்தது. ஐந்தே நாளில் ஏப்ரல் 15, தடைக்காலம். பின்பு அந்த ஆண்டுக்கு மட்டும் தடை 61 நாளிலிருந்து 47 நாளாகச் சுருக்கப்பட்டு மே 31இல் முடிந்தது. ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களின் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு. ஏரியில் மீன் இருந்தும் அதை வாங்கும் பட்டணம் மூடிக் கிடந்தது.

பாடு என்ற ஏற்பாடு இங்கேதான் கைகொடுக்க முடியாமல் போனது. ஒருவர் காத்திருக்க இன்னொருவர் பிடிப்பது அதன் அடிப்படை. எல்லோரும் ஒரே நாளில் கரையில் நின்றால் யாருக்கு யார் விட்டுக்கொடுப்பது? பழைய கைவேலைகள் தொடர்ந்தன: வலை பின்னினார்கள், படகுக்கு வண்ணம் பூசினார்கள், விற்காத மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்கினார்கள். அம்மைக்கால நினைவோடு தெருக்களில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த நீர் தெளிப்பது அந்த நாள்களில் தமிழ்நாடெங்கும் நடந்தது. பல்லாங்குழியும் தாயமும் பரணிலிருந்து இறங்கின. பிள்ளைகளுக்குக் கைபேசியில் பாடம் என்றார்கள். வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவிடம். ஓலை முடையும் பெண்களிடம் நேரமும் திறமையும் இருந்தன. கண்காட்சிகள் நின்றிருந்தன, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்ற நிலையில் தாம்பூலப் பெட்டியை யார் கேட்பார்?

ராக்கெட்டும் அந்த ஆண்டின் பெரும்பகுதி கரையில்தான் இருந்தது. 2019 டிசம்பர் 11க்குப் பிறகு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அடுத்த ஏவுகலம் கிளம்பியது 2020 நவம்பர் 7 அன்று.

அரசு அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும் இலவச அரிசியும் தந்தது. தடைக்கால நிவாரணம் 5000 ரூபாய் வந்தது. அவை பல அடுப்புகளை எரிய வைத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தடைக்கால நிவாரணம் கடல் மீனவக் குடும்பங்களை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. ஏரிச்சேற்றைக் கையால் தடவிப் பிழைப்பவளுக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கே? கூடையில் மீன் சுமந்து விற்பவளின் நாள் வருமானத்தையும் ஓலை முடைபவளின் கூலியையும் எந்தப் பதிவேடு எழுதி வைத்திருக்கிறது? பாட்டுச் சீட்டில் விடுபட்டவர்கள் சர்க்கார் பட்டியலிலும் விடுபட்டால், கரையில் இருக்கச் சொல்வது அவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்வதாகவே முடியும்.

புயலோ நோயோ அடைபட்ட முகத்துவாரமோ, பழவேற்காட்டைக் கரையில் உட்கார வைக்கும் நாள் இனியும் வரும். அதற்கு முன்பே மீன்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் கைத்தடவல் பெண்களையும் மீன் விற்கும் பெண்களையும் ஓலைத் தொழிலாளரையும் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் அந்தப் பதிவுக்குத் துணை நிற்க வேண்டும். ஏரியைப் பார்க்கப் போகும் வாசகர்கள் திரும்பும்போது ஓர் ஓலைப் பெட்டியைப் பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள்.