சுவரும் கிணறும் கஞ்சித்தொட்டியும்: ஜார்ஜ் டவுனில் ஒரு ஞாயிறு காலை



சென்ற பொதுக்குழுக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு விஷயங்களுக்காக இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தோம். ஒன்று, மதில் சுவரை மூன்றடி உயர்த்தி அதன்மேல் கம்பிவேலி போடுவது. மற்றொன்று, சி பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் பழைய கிணற்றை மூடிவிட்டு ஆறு கார்கள் நிறுத்த இடம் செய்வது. இரண்டுக்கும் யார் பணம் தருவது என்ற கேள்வி வந்ததும் குரல்கள் உயர்ந்தன. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கலைந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மில் பதினோரு பேர் ஜார்ஜ் டவுனுக்கு நடைபோனோம். அழைத்துப் போனவர் ஏ பிளாக்கில் இருக்கும், பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா. பிறந்து வளர்ந்தது மண்ணடியில். "பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஊர்வலம் ஆகிவிடும், தெருவில் இருப்பவர்கள் நமக்காக ஒதுங்க வேண்டிவரும்" என்று முன்பே சொல்லிவிட்டார். அதனால் வர முடியாமல் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் கூட்டத்துக்கும் அந்த நடைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கிளம்பும்போது யாரும் நினைக்கவில்லை.

பாரிமுனையில் ஒரு தூண்

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரே பாரிமுனை. தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வணிகர் 1788இல் தொடங்கிய நிறுவனத்தின் பேர்தான் இந்த மூலைக்கு நிலைத்துவிட்டது. அங்கே இருக்கும் டேர் ஹவுஸ் கட்டடம் 1940ஐச் சேர்ந்தது. அதன் வளாகத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஆயிரம் முறை பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள், ஒரு தடவைகூடக் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான்.

அந்தத் தூண் ஓர் எல்லைக்கல். 1773இல் இப்படி ஆறு தூண்களை நட்டார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். தூண்களுக்கும் கோட்டைக்கும் நடுவில் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்பது உத்தரவு. ஏன் அப்படி ஓர் உத்தரவு?

இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் இடத்தில்தான் சென்னையின் முதல் ஊர் இருந்தது. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கடற்கரையில் இடம் வாங்கி, பிறகு கோட்டை கட்டத் தொடங்கியது. கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் சாயம் போடுவோரும் வணிகரும் துபாஷிகளும் வந்து குடியேறினார்கள். வீடு, கடை, கோயில் என்று நூறு ஆண்டுக்கு மேல் வளர்ந்த ஊர் அது. ஆங்கிலேயர் அதைக் 'கறுப்பர் நகரம்' என்றே குறித்தார்கள்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைக்கு மிக அருகில் இருந்த வீடுகளை அவர்கள் இடித்தார்கள். 1749இல் கோட்டை திரும்பக் கைக்கு வந்தபிறகு ஆங்கிலேயரும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். எதிரி மறைந்து சுட வீடுகள் இருக்கக்கூடாது, பீரங்கிக்கு முன்னால் வெறும் நிலம் வேண்டும். மிச்சமிருந்த ஊரும் படிப்படியாகத் தரைமட்டமானது. இறந்தவர்களையும் விடவில்லை. சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் ஆங்கிலேயரின் கல்லறைத் தோட்டம் இருந்தது. 1758ஆம் ஆண்டு முற்றுகையின்போது லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்து, பேர் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அந்த முற்றத்தில் அவற்றின்மேல்தான் நடக்க வேண்டும்.

ஊரைக் காலிசெய்தவர்கள் வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். அந்தப் புது ஊருக்குத்தான் பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பேரால் ஜார்ஜ் டவுன் என்று பேர் வந்தது. அந்தத் தூணைத் தவிர இடிந்த ஊருக்கு அங்கே வேறு அடையாளம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

அங்கிருந்து ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்தோம். தமிழில் இதற்கு அரண்மனைக்காரத் தெரு என்று பேர். அரண்மனை எங்கே என்று தேட வேண்டாம். ஆர்மீனியக்காரர் தெரு என்பதைத்தான் நம் நாக்கு அரண்மனைக்காரர் ஆக்கிவிட்டது.

இங்கே இருக்கும் ஆர்மீனியன் தேவாலயம் 1772இல் கட்டப்பட்டது. உள்ளே போனால் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், மேலே மரநிழல். வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தாலும் உள்ளே பேச வாய் வராது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு முதலில் பாலம் கட்டிக்கொடுத்தவரும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்தான். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர், தன் பணத்தில் ஊருக்குப் பாலம் கட்டினார். "பராமரிப்புக் கட்டணம் கேட்காமலே கொடுத்தவர்" என்றார் எங்களோடு வந்த நம் சங்கப் பொருளாளர்.

அடுத்து பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஒரு காலத்தில் இது தண்ணீர் ஓடிய பள்ளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போஃபாம் என்ற வழக்கறிஞர் முயற்சியெடுத்து அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். மழைக்காலத்தில் அங்கே போய் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பது தெரியும்.

இடம் மாறிய கோயில்

தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். இவர்களும் காலிசெய்யப்பட்டவர்கள்தான். உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்த பழைய கோயிலை 1757இல் இடித்தார்கள். ஊர் மக்கள் விடவில்லை. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பொருள் கொடுத்து, மற்றவர்களும் சேர்ந்து, 1760களில் இங்கே இரண்டு சந்நிதிகளாக மீண்டும் கட்டினார்கள். பட்டணம் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். சென்னை என்ற பேரே இந்தச் சென்னகேசவரிடமிருந்து வந்தது என்பார் உண்டு. தாமர்ல சென்னப்ப நாயக்கரின் பேர் என்பாரும் உண்டு.

பூக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் தாண்டி அந்தக் கோபுரத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. வீட்டை இழந்தவர்கள் தங்கள் வீட்டோடு சேர்த்துக் கோயிலையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபடி நின்றேன்.

ஏழுகிணறு

தங்கசாலைத் தெருவில் ஒரு காபி குடித்துவிட்டு வடக்கே நடந்தால் ஏழுகிணறு. 1772 வாக்கில் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி இங்கே கிணறுகள் தோண்டினார்கள். பத்துத் தோண்டியதில் ஏழுதான் தேறியது, அதனால்தான் ஏழுகிணறு என்று சொல்வார்கள். சென்னையில் திட்டமிட்டுச் செய்த முதல் குடிநீர் ஏற்பாடு இதுதான்.

தண்ணீர் யாருக்குப் போனது தெரியுமா? குழாய் வழியாகக் கோட்டைக்கு. கிணறு இருந்தது ஊருக்குள், குடித்தது கோட்டைக்குள் இருந்தவர்கள். ஊர்க்காரர்களுக்கு வீட்டுக் கிணறும் கோயில் குளமும்தான். செங்குன்றம் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்து நகரத்துக்குக் கிடைக்க 1872 ஆனது. சரியாக நூறு ஆண்டு.

தெருவில் நின்று பார்த்தால் கிணறு எதுவும் எங்கள் கண்ணுக்குப் படவில்லை. பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் மட்டும் ஏழுகிணறு இருக்கிறது. அங்கே வீராசாமி தெருவில் ஒரு வீட்டைக் காட்டினார் டீச்சரம்மா. வள்ளலார் சிறுவயது முதல் 1858 வரை வாழ்ந்த வீடு. அங்கிருந்துதான் கந்தகோட்டத்து முருகனைப் பாட நடந்து போயிருக்கிறார்.

வசூலாகாத வரி

கடைசி நிறுத்தம் பழைய ஜெயில் ரோடு. அங்கே மாடிப் பூங்கா என்று ஓர் இடம் இருக்கிறது. படியேறிப் போனால் மேலே செடிகளும் பெஞ்சுகளும். நீங்கள் நிற்பது ஒரு கோட்டைச் சுவரின் தலையில்.

1767இல் மைசூர்க் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரை வந்து சூறையாடியது. 1769இல் ஹைதர் அலியே நேரில் வந்து நின்று உடன்படிக்கை வாங்கிப்போனார். பயந்துபோன கம்பெனி, புது ஊரின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய சுவர் எழுப்பியது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. பின்னாளில் ஆர்க்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தே பெரும் பணக்காரர் ஆனவர் அவர். கட்டி முடித்ததும், "உங்கள் பாதுகாப்புக்குத்தானே, செலவை நீங்கள் கொடுங்கள்" என்று ஊர்க்காரர்கள் மேல் வரி போடப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்தது. அந்த வரி கடைசிவரை வசூலாகவில்லை. வசூலாகாத வரியின் பேர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று நின்றுவிட்டது. சுவரின் வாசல்களில் ஒன்றின் பேர் யானைக்கவுனி.

இதைக் கேட்டதும் பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இருநூற்றைம்பது ஆண்டுக்கு முன்னும் இதே மதில் சுவர்ச் சண்டை!

கஞ்சித்தொட்டி

சிரிப்பு நின்றது அடுத்த கதையில். 1780இல் ஹைதர் அலி மீண்டும் வந்தார். இந்தச் சுவரை எந்தப் படையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. ஆனால் சுற்றுப்புறக் கிராமங்கள் எரிந்தன, பயிர் அழிந்தது. சனங்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். பின்னாலேயே பஞ்சம் வந்தது. எவ்வளவு உயரச் சுவர் கட்டினாலும் பசியை அது நிறுத்தாது.

அந்தச் சுவருக்கு அருகிலேயே 1782இல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். அதையொட்டி 1799இல் ஒரு மருத்துவமனை வந்தது. அதுவே வளர்ந்து இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போனபோது ஞாயிற்றுக்கிழமையிலும் வாசலில் கூட்டம். வள்ளலார் வளர்ந்த வீட்டிலிருந்து இது நடக்கும் தூரம். 1867இல் வடலூரில் அணையாத அடுப்பு மூட்டியவர் அவர்.

சுவரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவர்களே இடித்தார்கள். மிச்சத்தின்மேல் இன்று பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கஞ்சி ஊற்றிய இடம் இன்றும் ஊருக்குப் பயன்படுகிறது.

நீங்களும் வாருங்கள்

திரும்பி வரும்போது மெட்ரோவில் நம் கிணற்றைப் பற்றித்தான் பேச்சு. குடியிருப்பு கட்டும் முன்பு இங்கே வயல் இருந்தது, அந்த வயலுக்குத் தண்ணீர் இறைத்த கிணறு இது என்று நம் மூத்த காவலாளி சொல்லியிருக்கிறார். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயமானது 2003இல். நம்மிடம் தோண்டி வைத்த கிணறே இருக்கிறது, கோடையில் நாம் லாரிக்குப் போன் செய்துகொண்டிருக்கிறோம். மூடுவதற்கான மதிப்பீட்டைக் குழு வாங்கிவிட்டது. தூர்வாரி, மாடித் தண்ணீரை அதில் விட என்ன ஆகும் என்ற மதிப்பீட்டையும் வாங்கிவிட்டுப் பிறகு வாக்களிப்போம் என்பதுதான் என் வேண்டுகோள். சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. காவலும் வேண்டும்தான். கார் நிறுத்த இடமில்லாத ஆறு குடும்பங்களின் சிரமமும் உண்மைதான். ஆனால் கிணற்றை ஒரு முறை தூர்த்தால் தூர்த்ததுதான்.

அடுத்த நடைக்கான தேதி அறிவிப்புப் பலகையில் வரும். இந்த முறையும் பன்னிரண்டு பேர்தான். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் முடிக்கலாம். நல்ல செருப்பு, தண்ணீர் பாட்டில், தொப்பி போதும். கோயிலிலும் தேவாலயத்திலும் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். வருவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் சி பிளாக்குக்குப் பின்னால் போய் நம் கிணற்றையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். தண்ணீர் இருக்கிறது.