மழலையர் தோட்டம் வளர்த்த மாதர்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், பெரிய பள்ளிவாசலை அடுத்த கவுமான் மஹல்லாவில், நியாய் அஹ்மத் தஹ்லான் அம்மையார் 1914-இல் பெண்களுக்கென மார்க்க வகுப்பு தொடங்கினார். அதுவே 1917-இல், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திருப்பெயர் தாங்கி, 'ஆயிஷிய்யா' எனும் மாதர் அமைப்பாக மலர்ந்தது.

டச்சு ஆட்சியில் மழலையர் பள்ளி பெரும்பாலும் ஐரோப்பியக் குழந்தைகளுக்கே வாய்த்தது. அக்குறை நீங்க, 1919-இல் அப்பெண்மணிகள் தாமே ஒரு மழலையர் பள்ளியைத் திறந்தனர். பின்னர் அது 'புஸ்தானுல் அத்ஃபால்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பெயர் பெற்றது. உறுப்பினர்கள் செலுத்திய சந்தாவும் மனமுவந்து ஈந்த ஸதகாவும் அப்பணியைத் தாங்கின.

இன்று அந்நாடெங்கும் அப்பெயரில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இயங்குகின்றன. சிறு தொகையாயினும் கூடிக் கொடுத்தால் தலைமுறைகள் கடந்து பயன் தரும் என்பதற்கு இதுவே சான்று. நம் ஜமாஅத் தாய்மார்களுக்கும் வல்ல அல்லாஹ் அத்தகைய தவ்ஃபீக்கை நல்குவானாக! ஆமீன்.