வெட்டவெளிப் பாட்டும் ஒலிக்கருவியின் பாரமும்

கலை வரலாற்றை எழுதுவோர் பாடலின் பொருளையும் பண்ணையும் பாடியவரின் புகழையும் விரிவாகப் பேசுவர். அப்பாடல் எத்தனை பேர் காதுக்கு எட்டியது, எட்டச் செய்த கருவி யாருக்குச் சொந்தமாயிருந்தது, அதைச் சுமந்துவர எத்தனை தோள்கள் வேண்டியிருந்தன என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புவது அரிது. திறந்த வெளியில் நிகழும் இசையைப் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் அடிப்படையானவை. மண்டபத்தில் ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிச் சபையோரை வந்தடைகிறது. வெட்டவெளியில் போன ஒலி போனதே. தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலிமட்டம் 6 தெசிபெல் வீதம் குறைகிறது என்பது பௌதிக விதி. 1 மீற்றர் தூரத்தில் 100 தெசிபெல்லாகக் கேட்கும் ஒலி 32 மீற்றருக்கு அப்பால் 70 தெசிபெல்லாகிவிடும். இவ்விதியை வெல்ல மனிதர் கையாண்ட கருவிகளின் விலையும் பாரமும், யாருடைய பாட்டு ஊரறியக் கேட்கும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்து வந்திருக்கின்றன. இதனையே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைகின்றோம்.

மின்சாரம் வருமுன் இவ்விதியை வென்றவை மூச்சும் தோலும் மரமுமாகும். கோயில் வீதியில் நடந்துகொண்டே வாசிக்கப்படும் நாதசுரமும் தவிலும் வெளியரங்கிற்கென்றே உருவானவை. ஒரு மனிதன் தோளில் சுமக்கத்தக்க எடையுள்ள தவில் ஊர் எல்லைவரை கேட்கும். வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்திலோ மக்கள் சுற்றிவர அமர்ந்தனர். அவ்வட்டமே ஓர் ஒலியியல் ஏற்பாடு எனலாம். எத்திசையிலிருப்பவரும் ஆட்டக்காரருக்குக் கிட்டவே இருந்தனர். ஆட்டக்காரர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடியதால் குரலின் வலு பன்மடங்காயிற்று. தமிழகத்து நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர் மிக உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ் பெற்றதற்கும் அக்கால மேடைக்கு ஒலிவாங்கி இல்லாமையே ஒரு காரணமாகும். இருந்தும் மனிதக் குரலுக்கு எல்லையுண்டு. 1739 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகர வீதியில் ஜோர்ஜ் வைற்பீல்ட் என்னும் சமயப் பிரசாரகர் பேசியபொழுது, கூட்டத்தில் நின்ற பெஞ்சமின் பிராங்கிளின் குரல் மங்கும் இடம்வரை பின்னோக்கி நடந்து சென்று, அத்தூரத்தை அரைவட்டத்தின் ஆரையாகக் கொண்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி என வகுத்து, 30,000 பேருக்கு மேல் கேட்கலாம் எனக் கணக்கிட்டார். அசாதாரணமான ஒரு குரலின் உச்ச எல்லை அது.

அவ்வெல்லையை இயந்திரம் கடந்தது 1915 இலாகும். கலிபோர்ணியாவில் பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் தாம் அமைத்த ஒலிபெருக்கிக்கு ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து ‘மக்னவொக்ஸ்’ எனப் பெயரிட்டனர். அவ்வாண்டு நத்தார் முன்னிரவில் சன் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்டிருந்த பெருங்கூட்டம் அதன்வழி இசை கேட்டது. 1919 செப்ரெம்பரில் சன் டியாகோ விளையாட்டரங்கில் ஜனாதிபதி வில்சன் சுமார் 50,000 பேர் முன்னிலையில் இக்கருவியின் துணையுடன் பேசினார். 1925 இல் றைஸ், கெலொக் என்னும் பொறியியலாளர் இருவர் வெளியிட்ட அசையும் சுருள் ஒலிபெருக்கியே இன்றுவரை நாம் காணும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் மூலவடிவமாகும்.

புதிய குரல் வந்தது. ஆனால் அது எல்லோருக்கும் வரவில்லை. வெற்றிடக் குழாய்கள், இரும்பு அகணிகொண்ட மின்மாற்றிகள், ஈய மின்கலங்கள், உலோகக் கொம்புகள் ஆகியவற்றை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும்; இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே அரசாங்கமும் பெருங்கட்சிகளும் வணிக நிறுவனங்களுமே முதலில் அதைக் கையாண்டன. இந்திய சுதந்திரப் போராட்ட காலத்துப் புகைப்படங்களில் காந்தியடிகள், நேரு முதலியோரின் முன் நிற்கும் ஒலிவாங்கியில் ‘சிக்காகோ ரேடியோ’ என்னும் பெயர்த்தகட்டைப் பலரும் கண்டிருப்பர். பெருந்தலைவரின் பேச்சு இவ்வாறு பெருகியது. உழைப்பாளர் குடியிருப்பின் முற்றத்தில் பாடியவன் நிலை வேறாயிருந்தது. 1943 இல் இந்திய மக்கள் நாடக மன்றம் பம்பாயில் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு அமர் ஷேக், அண்ணாபாவு சாட்டே, கவாண்கர் ஆகியோர் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவை நிறுவினர். இவர்கள் மராத்தி நாட்டுப்புற வடிவங்களைத் தெரிந்தெடுத்தமைக்கு மக்கட் சார்பு முதற் காரணமாகும். அவற்றின் கருவிகளான டோல்கியையும் டஃபையும் துந்துணேயையும் கையிலெடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்புக்கு நடந்தே செல்லலாம் என்பதும் புறக்கணிக்கத்தக்க காரணமன்று.

போருக்குப் பின் ஒலிபெருக்கி சற்று மலிந்து சாதாரண மனிதரின் கைக்கு வந்தபொழுது, அதனை அடக்கும் சட்டமும் உடன் வந்தது. அமெரிக்காவின் திரென்ரன் நகரில் கோவாக்ஸ் என்பவர் வாகனத்தில் ஒலிபெருக்கி பூட்டி, இசையை ஒலிபரப்பி, அங்கு நடந்துகொண்டிருந்த தொழிற் தகராறு பற்றிப் பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டார். 1949 இல் உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையால் அத்தண்டனையை உறுதி செய்தது. மாறுபட்ட நீதியரசர்களுள் ஒருவரான ஹியூகோ பிளக், பத்திரிகையும் வானொலி நிலையமும் வைத்திருக்கும் வசதியற்றோர்க்கு ஒலிபெருக்கி எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துக்காட்டினார். அயலவரின் நித்திரைக்கும் உரிமையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இரைச்சலைக் கட்டுப்படுத்தும் விதி ஏழையின் வாயை அடைக்கும் விதியாகவும் பயன்படக்கூடும் என்பதே இவ்வழக்கு உணர்த்தும் பாடம்.

அறுபதுகளில் மின் இசைக்கருவிகள் பெருகியபோது பாரம் மீண்டும் ஏறியது. 1965 ஓகஸ்டில் நியூ யோர்க் ஷே விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் குழுவினர் 55,000 பேருக்கு மேற்பட்டோர் முன் பாடினர். விளையாட்டு அறிவித்தல்களுக்கென அமைந்த ஒலிபெருக்கிகளின் வழியே குரல் வந்தது. இரசிகர் கூச்சலில் இசை அமிழ்ந்து போயிற்று. இதற்கு எதிர்முனையாக 1974 இல் ‘கிரேற்ஃபுல் டெட்’ குழுவினர் ஏறத்தாழ 75 தொன் எடையுள்ள ‘ஒலிச்சுவர்’ ஒன்றைக் கட்டி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். தெளிவில் அது ஒரு சாதனையே. ஆயின் அதனை ஏற்றி இறக்கும் செலவைத் தாங்கமாட்டாமல் அவ்வாண்டிறுதிக்குள் அக்குழு அதனைக் கைவிட நேர்ந்தது. பெருஞ் செல்வம் ஈட்டிய குழுவுக்கே இக்கதியெனின், கருவியின் பாரம் கலையை எவ்வாறு நசுக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கருவியைத் தெரிவு செய்வது யார் என்னும் வினா நேரடியாக எழுந்த வழக்கொன்றும் உண்டு. ‘இனவாதத்திற்கு எதிரான றொக்’ என்னும் அமைப்பினர் 1979 தொடக்கம் நியூ யோர்க் சென்றல் பூங்காவின் திறந்தவெளி மேடையில் ஆண்டுதோறும் கச்சேரி நடத்தினர். இரைச்சல் பற்றிய முறைப்பாடுகள் ஒருபுறம். சில குழுக்கள் கொண்டுவந்த கருவி போதாமையால் சபையோருக்குக் கேட்கவில்லை என்ற குறை மறுபுறம். 1986 இல் மாநகர நிர்வாகம் தன் கருவிகளையும் தான் அமர்த்திய ஒலியியலாளரையுமே யாவரும் பயன்படுத்த வேண்டும் என விதித்தது. 1989 இல் உயர்நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் இவ்விதியை ஏற்றது. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனின், பொருந்தாத கருவி கொண்டு வந்தோரின் குறையே நிர்வாகத்தின் கை ஓங்குவதற்கு ஒரு நியாயமாக அமைந்தமையாகும். கருவியறிவு இல்லாத கலைஞன் தன் குரலை மற்றவன் கையில் ஒப்படைக்க நேரும்.

இனி, பாரம் குறைந்த வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 1947 இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த திரான்சிஸ்டர் வெற்றிடக் குழாயை விரட்டியது. 1964 இல் இங்கிலாந்தில் கிளைவ் சிங்க்ளெயர் விற்ற சிறு ஒலிப்பெருக்கம், மின்னோட்டத்தை அதிவேகமாகத் தொடுத்தும் துண்டித்தும் இயங்கும் ‘டி வகுப்பு’ முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அக்கருவி திருப்தியளிக்கவில்லை எனினும், பிற்காலத்தில் செம்மையுற்ற அம்முறையே வெப்பமாக வீணாகும் சக்தியைப் பெரிதும் குறைத்து, கனத்த உலோகத் தகடுகளைத் தேவையற்றதாக்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியக் காந்தம், அதே வலுவைச் சிறு எடையில் தந்தது. 1991 இல் லிதியம் அயன் மின்கலம் விற்பனைக்கு வந்தது. 1995 இல் ஜே.பி.எல். நிறுவனம் பெருக்கியை உள்ளடக்கிய பிளாஸ்திக் உடலுள்ள ஒலிபெருக்கியை வெளியிட்டது. இவையாவும் ஒன்றுசேர்ந்ததன் பயனாக, முன்னர் வண்டியேற்ற வேண்டியிருந்த ஒலியை இன்று ஒருவர் கையிற் பிடித்து பஸ்ஸில் ஏறிவிடலாம்.

ஆயினும் பாரம் முற்றாக மறைந்ததென எண்ணுதல் தவறு. அருமண் உலோகங்களின் பெருஞ்சுரங்கம் உள்மொங்கோலியாவின் பயான் ஓபோவிலுள்ளது. அதன் கழிவுகள் பாவோதோவ் நகரருகே நச்சுத் தேக்கமாகக் குவிந்துள்ளன. நம் கையிற் குறைந்த எடை வேறோர் உழைப்பாளர் ஊரின் மீது ஏறியிருக்கிறது. ஆகவே வாங்கும் கருவி நெடுங்காலம் உழைக்கவும் பழுதுபார்க்கவும் தக்கதாயிருத்தல் சிக்கனம் மட்டுமன்று, கடமையுமாகும்.

இவ்வரலாறு நமது நாட்டின் பாடசாலை முற்றத்திற்கும் தோட்டத்து மைதானத்திற்கும் சொல்வது யாது? நம்மிடையே கலைவிழா நடத்தும் வாலிபர் கழகம் திரட்டும் பணத்திற் பெரும்பகுதி வாடகை ஒலிபெருக்கிக்குப் போவதும், கோபுரம்போல் அடுக்கிய பெட்டிகளே விழாவின் பெருமையென எண்ணப்படுவதும் வழமை. 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதையும் கண்டோம். அடக்கமான ஒலியும் சொந்த மின்கலமும் உள்ள கருவியே இச்சூழலுக்கு ஏற்றது.

கருவி தெரியும்போது உவாற்று எண்ணைக் கண்டு மயங்குதல் ஆகாது. வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் ஏறக்குறைய 3 தெசிபெல் மட்டுமே உயரும். ஒரே வலுவில் 10 தெசிபெல் அதிகம் ஒலிக்கும் ஒலிபெருக்கி, பத்து மடங்கு உவாற்றுக்குச் சமமாகும். எனவே ஒரு உவாற்றுக்கு ஒரு மீற்றரில் எத்தனை தெசிபெல் என்பதையே முதலிற் கேட்க வேண்டும். விளம்பரத்திற் பெரிதாக எழுதும் உச்ச உவாற்றை விடுத்துத் தொடர்ந்து தாங்கும் உவாற்றை நோக்க வேண்டும். பெட்டியின் பருமனையும் பாரத்தையும் கூட்டுவது தாழ்ந்த சுருதியொலியே. குரலும் ஆர்மோனியமும் மத்தளமும் மட்டுமுள்ள குழுவுக்குத் தனித் தாழ்சுருதிப் பெட்டி வேண்டுவதில்லை. பத்து அல்லது பன்னிரண்டு அங்குலக் கூம்புள்ள, ஒருவர் தூக்கத்தக்க இரு பெட்டிகள் சில நூறு பேருக்குப் போதும். அவற்றைத் தாங்கியில் ஏற்றிச் சபையோரின் தலைக்கு மேல் நிறுத்தினால், முன்வரிசையார் காது நொந்தும் பின்வரிசையார் விளங்காமலும் இருக்கும் நிலை மாறும். ஒலிவாங்கிக்கு முன்புறமாகவே ஒலிபெருக்கியை வைத்தல் வேண்டும், இல்லையேல் ஊளையிடும். மின்னூட்டம் வேண்டாத இயங்குசுருள் ஒலிவாங்கி மலிவானது, வீழ்ந்தாலும் எளிதிற் பழுதாகாது. இரும்புப் பொசுபேற்று வகை லிதியம் மின்கலம், ஈய மின்கலத்தின் மூன்றிலொரு பங்கு எடையில் அதே சக்தியைத் தரும். முதல் விலை கூடினும் பலமுறை மின்னேற்றலாம்.

இத்தகைய கருவித் தொகுதியொன்றின் விலை ஒரு குழுவுக்கு அதிகமெனினும் நான்கு சங்கங்களுக்கு அதிகமன்று. வாசிகசாலையில் நூல் பொதுச் சொத்தாக இருப்பதுபோல் ஒலிக்கருவியும் ஏன் இருத்தலாகாது? பாடசாலையும் வாசிகசாலையும் தொழிற்சங்கக் கிளையும் சேர்ந்து வாங்கி, மாணவருள் இருவருக்கு இயக்கவும் பழுதுபார்க்கவும் பயிற்றினால், விழாவுக்கு விழா வாடகையாய்ப் போகும் பணம் கலைஞரிடம் சேரும். பௌதிக ஆசிரியர் தலைகீழ் வர்க்க விதியைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த ஆய்வுகூடமும் கிடையாது.

2011 இல் நியூ யோர்க்கில் ‘வோல் ஸ்திரீற்றைக் கைப்பற்றுவோம்’ எனத் திரண்டோர், அனுமதியின்றி ஒலிபெருக்கி பாவிக்க இயலாமையால், பேசியவரின் ஒவ்வொரு தொடரையும் கூட்டமாகத் திரும்பச் சொல்லிப் பின்னால் நின்றோருக்கு எட்டச் செய்தனர். நமது களரியின் பிற்பாட்டுக்காரர் காலங்காலமாகச் செய்த அதே பணி அது. கேட்கச் செய்யும் ஆற்றல் முன்னர் மக்களின் பொதுவுடைமையாக இருந்தது. இடையில் இயந்திரத்தின் விலையும் பாரமும் அதைப் பறித்தன. அவ்விரண்டும் குறைந்துவிட்ட இக்காலத்தில் அதனை மீட்பது நமது சங்கங்களின் கைகளிலேயே உள்ளது. அடுத்த கலைவிழாவுக்கான நிதிக்கூட்டத்தில் வாடகைக் கணக்கை எழுதுமுன், இதனை ஒருமுறை பேசிப் பார்ப்போமாக.