ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தனிக்கடை போட்ட கதை

ஓ.டி. படிக்கிறேன்னு சொன்னா ஊர்ல ரெண்டு அர்த்தம் எடுத்துப்பாங்க. ஒண்ணு ஆபரேஷன் தியேட்டர், இன்னொண்ணு ஓவர்டைம் :-) நான் மாஸ்டர்ஸ் பண்றது ரெண்டும் இல்லீங்க, ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவர் ஒரு கையால சட்டைப் பட்டன் போடணும், கையில் நரம்பு அடிபட்டவர் மறுபடி கரண்டி பிடிக்கணும், வகுப்புல ஒரு இடத்துல உட்கார முடியாத குழந்தை உட்கார்ந்து எழுதணும்... இப்படி அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய வைக்கிற சிகிச்சை. பிசியோதெரபிக்குப் பக்கத்து வீடுன்னு வச்சுக்கோங்க.

இங்கே என்கூடப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரே கனவுதான்: சொந்தமா ஒரு கிளினிக். இந்த ஆசை எப்போ ஆரம்பிச்சதுன்னு தோண்டிப் பார்த்தா ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் இந்தத் துறையின் சங்கமே ஒரு தனியார் வீட்டில்தான் பிறந்தது. அப்புறம் துறை ஆஸ்பத்திரிக்குள்ளே போயிடுச்சு. மறுபடி முழுசா வெளியே வர எழுபது வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

வீட்டுக்காரர் பேர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன். டாக்டர் இல்லை, ஆர்க்கிடெக்ட். 1871-ல் பிறந்தவர். இளம் வயசிலேயே காசநோய். போதாக்குறைக்கு கொலராடோவில் இருந்தபோது கடும் குளிரில் இடதுகால் உறைந்து, விரல்களை எடுக்க வேண்டியதாச்சு. அதுக்குப் பிறகு உடம்பின் இடப்பக்கமே செயலிழந்துபோச்சு. நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர். கந்தக ஊற்றை நம்பி 1850-ல் ஹென்றி ஃபாஸ்டர் என்ற டாக்டர் அங்கே ஆரம்பிச்ச சானடோரியத்தில் பார்ட்டனைச் சேர்த்தாங்க. எல்வுட் வொர்செஸ்டர்னு ஒரு பாதிரியார் அவருக்கு ஆலோசனை சொன்னார். "இனி என்னால என்ன முடியும்?" என்ற கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு பார்ட்டன் எழுந்தார்.

1914 மார்ச்சில் அதே ஊரில் ஒரு வீட்டை வாங்கி, 'கன்சோலேஷன் ஹவுஸ்'னு பேர் வச்சுத் திறந்தார். ஆறுதல் இல்லம். தச்சுவேலை, தோட்டவேலைன்னு தன் உடம்பையே முதல் நோயாளியா வச்சு வேலை வாங்கினார். நோயிலிருந்து மீண்டு வர்றவங்களுக்கும் அதே வழியைக் காட்டினார். ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாத்தி வாசல்ல விட்டுடுது, அதுக்கப்புறம் அந்த ஆள் எப்படிப் பிழைப்பார்னு கேட்க நாதியில்லை என்பதுதான் அவரோட ஆதங்கம். நூறு வருஷம் தாண்டியும் இந்த ஆதங்கம் பழசாகலை.

1917 மார்ச் 15 முதல் 17 வரை அந்த வீட்டில் ஆறு பேர் கூடி ஒரு தேசியச் சங்கம் ஆரம்பிச்சாங்க. பார்ட்டன், மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டண்டன், சமூக சேவகி எலினோர் கிளார்க் ஸ்லேகில், கைவினை ஆசிரியை சூசன் காக்ஸ் ஜான்சன், கனடாவிலிருந்து தாமஸ் கிட்னர், பார்ட்டனின் செக்ரட்டரி இசபெல் நியூட்டன் (அடுத்த வருஷம் அவரைத்தான் பார்ட்டன் கல்யாணம் பண்ணிக்கிட்டார்). ஆறு பேர்ல டாக்டர் ஒரே ஒருத்தர். அந்தச் சங்கம்தான் பின்னாடி 'அமெரிக்கன் ஆக்குபேஷனல் தெரபி அசோசியேஷன்' ஆச்சு.

மூணே வாரத்தில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்களுக்காக 'ரீகன்ஸ்ட்ரக்ஷன் எய்ட்' என்ற பேரில் பெண்களை அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினாங்க. துறை வளர்ந்தது, ஆனா வளர்ந்த இடம் ஆஸ்பத்திரி வார்டு. சங்கத் தலைமையும் அதே வருஷம் பார்ட்டனிடமிருந்து டாக்டர் டண்டனுக்குப் போச்சு. பார்ட்டன் 1923-ல் இறந்துட்டார்.

அடுத்த பெரிய திருப்பம் 1935. ஓ.டி. கல்லூரிகளுக்குத் தரம் நிர்ணயிக்கிற பொறுப்பை அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏத்துக்கிட்டது. கேட்டது தெரபிஸ்ட்களோட சங்கமே. அங்கீகாரம் வேணுமே! அங்கீகாரம் கிடைச்சது, கூடவே டாக்டர் நிழலும் நிரந்தரமாச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்தா தெரபிஸ்ட் செய்வார், ஆஸ்பத்திரி பில் போடும், தெரபிஸ்ட் சம்பளம் வாங்குவார். இதுதான் ஏற்பாடு.

இப்போ மேட்டருக்கு வருவோம். 1965-ல் வயசானவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்தது. யார் யார் நேரடியா பில் அனுப்பலாம் என்பதைச் சட்டமே சொல்லும். 1972-ல் வந்த திருத்தம், தனியாகத் தொழில் பண்ற பிசியோதெரபிஸ்ட்டுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. ஓ.டி.க்குக் கொடுக்கலை. நினைச்சுப் பாருங்க. மூட்டுவாதத்தால் விரல் கோணிப்போன ஒரு பாட்டி. கைக்கு ஒரு ஸ்ப்ளிண்ட் செஞ்சு, ஜாடி மூடி திறக்கப் பழக்கணும். அதே தெரபிஸ்ட், அதே கை, அதே ஸ்ப்ளிண்ட். ஆஸ்பத்திரிக் கூரைக்குக் கீழே செஞ்சா மெடிகேர் காசு வரும். நாலு தெரு தள்ளி தெரபிஸ்ட்டோட சொந்த அறையில செஞ்சா வராது. பாட்டி கைக்காசு போடணும், இல்லைன்னா தெரபிஸ்ட் சும்மா செய்யணும்.

1986-ல் நிறைவேறிய பட்ஜெட் சட்டம் இதை மாத்திச்சு. 1987 ஜூலையிலிருந்து தனியாக இருக்கும் ஓ.டி.யும் மெடிகேருக்கு நேரடியா பில் அனுப்பலாம். ஆனா ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 500 டாலர்தான் கணக்கு. கதவைத் திறந்துவிட்டு சங்கிலி போட்ட கதை. 1997 சட்டம் அதை 1500 டாலர் ஆக்கியது. உச்சவரம்பு என்பதையே எடுத்தது 2018-ல்தான்.

அப்போ 1987 வரைக்கும் யாரும் தனிக்கடை போடலையான்னா, போட்டாங்க. மெடிகேரை நம்ப வேண்டாத இடத்தில். அதாவது குழந்தைகள் பக்கம். ஜீன் ஏர்ஸ் (1920-1988) என்ற அம்மா கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர். காது, தோல், மூட்டு, சமநிலை எல்லாம் அனுப்புகிற தகவல்களை மூளை ஒழுங்கா கோர்க்காதபோது குழந்தை படிப்பிலும் நடத்தையிலும் தடுமாறும் என்பது அவர் கோட்பாடு. 1972-ல் புத்தகமாக வந்தது. 1970-களின் பிற்பகுதியில் டாரன்ஸ் நகரத்தில் சொந்த கிளினிக் திறந்தார். கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல்கள், குப்புறப் படுத்து உருட்டுகிற சக்கரப் பலகைகள்... வெளியே இருந்து பார்த்தா விளையாட்டுத் திடல் மாதிரி இருக்கும். அந்தக் கோட்பாட்டின் மேல் இன்னைக்கும் விவாதம் ஓயலை, அது வேற கதை. ஆனா குழந்தைகளுக்கான தெரபி சென்டர்னா ஊஞ்சல் தொங்கணும் என்பது அவர் வழியா வந்த பழக்கம். நம்ம சென்னை சென்டர்களிலும் பார்த்திருப்பீங்க.

நம்ம ஊர்க் கதை கொஞ்சம் தலைகீழ். 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் ஓ.டி. பள்ளியை ஆரம்பிச்சவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே தங்கியவர். அங்கே பெரும்பாலும் குடும்பமே கைக்காசு கொடுக்கிறதால பில் உரிமை என்ற சண்டையே கிடையாது. பிரச்னை வேற: டெல்லி, மகாராஷ்டிரா போன்ற சில இடங்களை விட்டா, யார் தெரபிஸ்ட்னு பதிவு செய்து சொல்ல 2021 வரைக்கும் ஒரு கவுன்சிலே இருந்ததில்லை. ரெண்டு மாசக் கோர்ஸ் முடிச்சவரும் போர்டு மாட்ட முடிஞ்சது, நாலரை வருஷம் படிச்சவரும் மாட்ட முடிஞ்சது. அம்மா அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டம்தான் இந்தத் தொழிலை நாடு முழுக்கச் சட்டத்துக்குள்ளே கொண்டுவந்தது.

என் கருத்து இதுதான். அமெரிக்காவில் பூட்டிக் கிடந்தது பில். இந்தியாவில் காணாமப் போனது பேர். ரெண்டு இடத்திலும் திறமை இருந்தது, கை வேலை தெரிஞ்சவங்க இருந்தாங்க. இன்னொரு முரணும் உண்டு. நியூயார்க்கில் 1975-ல் லைசென்ஸ் சட்டம் வந்தாச்சு. இன்னிக்கு பார்ட்டன் உயிரோட வந்தாலும் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஓ.டி.ன்னு போர்டு மாட்ட முடியாது, டிகிரி எங்கேன்னு கேட்பாங்க :-) அது நோயாளியைக் காப்பாத்துகிற விதி, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனா கிளினிக் கனவு காணும் நண்பர்கள் வாடகை, ஊஞ்சல், பெயின்ட் கலர் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வியைக் கேட்டுக்கணும்: இந்த ஊர்ல, இந்த நோயாளிக்காக, காசு கொடுக்கிறது யார்? 1987-க்கு முன்னாடி அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால எத்தனை கைகள் ஜாடி மூடி திறக்காமலே போயிருக்கும்!