இரண்டாம் மொழி மூளைக்குச் சுமையா? கல்கத்தாவில் அச்சேறிய ஒரு கேள்வியின் வரலாறு

1926ஆம் ஆண்டு இந்திய அரசின் வெளியீட்டுக் கிளை கல்கத்தாவிலிருந்து ஒரு நூலை வெளியிட்டது. இருமொழியம் அதன் பொருள். வங்காளம் அதன் களம். எழுதியவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர். டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். ஒரு மனிதர் இரண்டு மொழிகளோடு வாழ்வதை ஆய்வுப் பொருளாகக் கொண்ட தொடக்ககால நூல்களுள் இதுவும் ஒன்று. இன்று மூளை ஆய்வுக்கூடங்களில் கேட்கப்படும் கேள்வி நூறாண்டுகளுக்கு முன் வங்காளத்தின் பள்ளிகளில் எவ்வாறு எழுந்தது என்பதை அறிய இந்நூல் நல்லதொரு வாயில்.

அக்கேள்விக்கு முன்வரலாறு உண்டு. 1835இல் அரசு ஆங்கிலக் கல்வியின் பக்கம் சாய்ந்தது. 1857இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் தேர்வை நோக்கிப் படித்த வங்காளச் சிறுவன் வரலாற்றையும் புவியியலையும் தனக்குப் பழகாத மொழியில் மனனம் செய்ய வேண்டியிருந்தது. கற்கும் மொழியும் வாழும் மொழியும் பிரிந்துபோனதால் கல்வி உள்ளத்தில் ஒட்டவில்லை என்று 1892இலேயே இரவீந்திரநாத் தாகூர் கட்டுரை எழுதினார். 1917இல் அமைந்த, மைக்கேல் சாட்லர் தலைமையிலான கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழுவும் பயிற்றுமொழிச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து 1919இல் அறிக்கை அளித்தது. அதுவரை இது கல்வி பற்றிய வழக்காகவே இருந்தது.

1920களில் அவ்வழக்கில் அறிவியலின் பெயரால் புதியதொரு வாதம் நுழைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நுண்ணறிவுச் சோதனைகள் பரவிய காலம் அது. 1923இல் சேர் என்பவர் வேல்சு நாட்டில் ஏறத்தாழ 1,400 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார். நாட்டுப்புறங்களில் வெல்சு, ஆங்கிலம் இரண்டையும் பேசிய குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். நகர்ப்புறங்களில் அவ்வேறுபாடு தென்படவில்லை. காரணம் மொழியானால் நகரத்திலும் அது தென்பட்டிருக்க வேண்டும். ஆயினும் ‘இரண்டு மொழிகள் குழந்தையின் மனத்தைக் குழப்பும்’ என்ற முடிவே பரவியது. குடும்பத்தின் வறுமையும் பள்ளியின் தரமும் தேர்வு நடந்த மொழியும் கணக்கில் வராமல் போயின.

வெஸ்டின் நூல் இச்சூழலில் வெளிவந்தது. வங்காளச் சிறுவனின் மூளையில் குறை தேடுவதை அவர் தம் வேலையாகக் கொள்ளவில்லை. இரண்டாம் மொழி அவனுக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று கேட்டார். பெரும்பாலோர் படிப்பை இடையிலேயே நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு வெளியேறுபவன் கையில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்கிட, ஆயுள் காப்பீட்டுத் துறையின் ‘சரண்டர் மதிப்பு’ என்னும் சொல்லை அவர் எடுத்தாண்டார். சில ஆண்டுகளே ஆங்கிலம் படித்தவனுக்குப் பேச்சு கைகூடாது. வாசிக்கும் திறனாவது கைவந்திருந்தால் அது பின்னும் பயன் தரும் என்பது அவர் முடிவு. வரையறுத்த சொற்களைக் கொண்டு அவர் பின்னாளில் தொகுத்த வாசிப்பு நூல்கள் பல நாடுகளின் வகுப்பறைகளுக்குச் சென்றன.

இந்த விவாதங்களில் ஓர் இடைவெளி இருந்தது. இருமொழியாளர் என்றதும் அறிஞர்களின் கண்முன் நின்றவர் பள்ளியில் ஆங்கிலம் படித்த நடுத்தர வகுப்பு இளைஞர். அதே நகரத்தின் படா பஜாரில் வீட்டில் மார்வாரியும் கடையில் இந்தியும் வங்காளமும் பேசி வணிகம் நடத்தியோர் இருந்தனர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சுமைதூக்குவோரும் சமையற்காரரும் இருந்தனர். எழுத்தறியாமலே இரண்டு மூன்று மொழிகளில் நாளெல்லாம் உழன்றவர்கள் இவர்கள். இவர்களின் மொழித்திறனைக் கல்வியாகவோ அறிவாகவோ யாரும் எண்ணவில்லை. ஆகவே அது ஆய்வுப் பொருளாகவும் ஆகவில்லை.

‘சுமை’ என்னும் கருத்து 1962இல் ஆட்டங்கண்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும் குடும்ப நிலையில் ஒத்த பத்து வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த குழந்தைகளே பெரும்பாலான சோதனைகளில் முந்தினர். வறுமையின் விளைவை மொழியின் தலையில் ஏற்றிய பழைய பிழை இதனால் வெளிப்பட்டது.

மூளை மருத்துவத்தின் வழியே வந்த சான்றுகளும் உண்டு. பக்கவாதத்தால் பேச்சிழந்த பன்மொழியாளருக்கு எம்மொழி முதலில் மீளும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்த விவாதம். முதலில் கற்றது மீளும் என்றார் ரிபோ. நோய்க்கு முன் மிகுதியாகப் புழங்கியது மீளும் என்றார் 1895இல் பித்ரெஸ். பலருக்கு எல்லா மொழிகளும் ஒருங்கே மீள்கின்றன. சிலருக்கு ஒன்று மீள, மற்றொன்று பின்தங்குகிறது. மொழிக்கொரு தனி அறை என்ற எளிய படம் இதற்குப் பொருந்தவில்லை.

1999இல் ஸ்பைவி, மரியன் ஆகியோர் நடத்திய சோதனை இதை வேறொரு வகையில் காட்டியது. ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் அஞ்சல்தலையை நகர்த்தி வைக்கும்படி ரஷ்ய மொழியில் சொன்னபோது, அவர்கள் கண்கள் அருகிலிருந்த மார்க்கர் பேனாவின் பக்கமும் ஓடின. அஞ்சல்தலைக்கான ரஷ்யச் சொல் ‘மார்க்கா’ என்பதே காரணம். ஒரு மொழியைக் கேட்கையில் மற்றதும் விழித்திருக்கிறது. கொல்கத்தாத் தமிழருக்கு இது எளிதில் விளங்கும். ‘கால்’ என்று காதில் விழுந்தால் தமிழில் அது உடலுறுப்பு. வங்காளத்தில் நேற்று அல்லது நாளை. இத்தகைய போட்டியில் வேண்டாததை ஒதுக்கி வேண்டியதைத் தெரிவதில் மூளையின் முன்பகுதியும் ஆழத்திலுள்ள சில பகுதிகளும் பங்கேற்கின்றன.

1920களில் எண்ணப்படாத மனிதர்கள் கணக்கில் வந்தது ஹைதராபாதில். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாதி குழுவினர் மறதிநோய் கண்ட 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். அவர்களுள் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்கள். அவர்களுக்கு நோய் சராசரியாக 4.5 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளியின் வாசலையே மிதிக்காதவர்களிடமும் இத்தாமதம் காணப்பட்டது. 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பக்கவாதத்திற்குப் பின் இயல்பான அறிதிறன் கொண்டிருந்தோர் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு. ஆனால் பேச்சிழப்பு நேரும் விகிதத்தில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

இம்முடிவுகளைக் கொண்டு இருமொழியத்தை மருந்தாக்கிவிட இயலாது. முதியோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வேறு சில ஆய்வுகள் மறதிநோயில் இத்தகைய பாதுகாப்பைக் காணவில்லை; விவாதம் தொடர்கிறது. ஆனால் சுமை என்ற பழைய தீர்ப்புக்கு இன்று ஆதாரம் இல்லை. இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொல்வளம் சற்றுக் குறைந்திருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பின்தங்கல் இல்லை.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளர்கிறது. அது பேசச் சற்றுத் தாமதித்தால் ‘வீட்டில் தமிழை நிறுத்துங்கள்’ என்னும் அறிவுரை எங்கிருந்தேனும் வரும். அவ்வறிவுரை 1923ஆம் ஆண்டு வேல்சின் பிழையான முடிவிலேயே நிற்கிறது. தாமதத்திற்கு வேறு காரணம் இருப்பின் அதைத் தேட வேண்டும். தமிழை நிறுத்தினால் அக்காரணம் தேடப்படாமலே போகும், பாட்டியோடு பேசும் மொழியும் போய்விடும். அவ்வாறே, பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியவரை மருத்துவமனையில் ஒரு மொழியில் மட்டும் சோதித்து நிறுத்தினால், மற்றொரு மொழியில் அவரிடம் எஞ்சியிருக்கும் பேச்சு எவர் காதிலும் விழாது.